அந்த ஆச்சிக்கு எவ்வளவு பாக்கி?

கோவில்பட்டி
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள மாப்ளைக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். நீ, தங்கச்சி, பிள்ளைகள், அப்பா எல்லாரும் சுகம்தானே.

பொங்கலுக்குப் பிறகு நாம் பேசவே இல்லை. நீ இரண்டு தடவை கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. ‘வேலை’ என்று மெசேஜ் போட்டேன். பொய். மார்ச் கணக்கு முடிந்தபிறகு எங்கள் ஆபீசில் ஈ ஓட்டுகிறோம். ஒரு காரியம் செய்துவிட்டேன் மாப்ளே. அதைச் சொல்லாமல் உன்னிடம் மழை உண்டா, சின்னவனுக்கு எந்தக் காலேஜ் என்று பேச எனக்கு வாய் வரவில்லை. போனில் சொன்னால் நீ பாதியில் சிரிப்பாய், நானும் கூடச் சிரித்துத் தப்பித்துவிடுவேன். அதனால்தான் கடிதம். ரிஜிஸ்தரில் அனுப்பலாம் என்று போனால் அதை 2025 செப்டம்பரோடு ஸ்பீட் போஸ்ட்டில் சேர்த்துவிட்டார்களாம். கவுண்டரில் இருந்த பிள்ளை என்னை ஏதோ தந்தி கொடுக்க வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

ஊர்ச் செய்தியை முடித்துவிடுகிறேன். ஒல்லியப்பன் மகளுக்குக் கல்யாணம், பத்திரிகை உனக்கும் வரும். நம் பெஞ்சு டீக்கடையை இடித்துவிட்டு செல்போன் கடை வைத்திருக்கிறார்கள். ‘ஜெனரல்’ இன்னும் அதே லூனாவில்தான் போகிறார். போதும்.

எங்கள் கதைக் கூட்டம் பற்றி உனக்குக் கொஞ்சம் தெரியும். முழுசாகத் தெரிந்தால்தான் நான் செய்தது புரியும். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு, சாயங்காலம் ஐந்து மணி, டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடி. உறை போட்ட மெஷின்களுக்கு நடுவே எட்டுப் பேர் உட்காருவோம். தமிழ் வாத்தியார் எல்லாருக்கும் ஒற்றுப் போடுவார். எல்.ஐ.சி. அண்ணாச்சி மூன்று வருடமாக ஒரே நாவலைத் தவணை கட்டிக்கொண்டிருக்கிறார். மருந்துக்கடைத் தம்பியின் கதைகளில் மனிதர்கள் ஆந்தையாவார்கள், ஏன் என்று கேட்டால் கோபம் வரும். அப்புறம் தீப்பெட்டி ஆபீசில் கணக்குப் பார்க்கும் ஒரு அக்கா. சின்ன வயதில் அங்கேயே கட்டை அடுக்கியவர். மற்றவர்கள் வருவார்கள், போவார்கள்.

கூட்டத்துக்குப் பெயர் வைக்கவே இரண்டு மாதம் சண்டை. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. வீட்டு முற்றத்தில் இலக்கியம் பேசக் கூடினவர்கள் வட்டத்தொட்டி, நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி கூட்டினது காகங்கள், நமக்கு என்ன என்று வாத்தியார் வெண்பாவிலெல்லாம் தேடினார். கடைசியில் வாட்ஸப் குரூப்புக்கு மருந்துக்கடைத் தம்பி விளையாட்டாக வைத்த பெயர்தான் நின்றது: ஞாயிறு ஜெராக்ஸ்.

முதல் வருடம் வெறும் அடிதடி. அண்ணாச்சி மூன்று பக்கக் கதையை வாசித்துவிட்டு, அதில் என்ன சொல்ல வந்தார் என்பதை நாற்பது நிமிடம் விளக்கினார். ‘அது கதைக்குள்ள இல்லையே அண்ணாச்சி’ என்றால், ‘அதான் இப்ப சொல்றேனே’ என்பார். அதற்காகப் போட்டதுதான் இப்போதுள்ள சட்டம். ஒரு வாரம் முன்னாலேயே எல்லார் கைக்கும் காப்பி போய்விட வேண்டும். எழுதினவர் முதல் பக்கத்தை மட்டும் சத்தமாக வாசிக்கலாம். அதோடு வாய்ப்பூட்டு. ஆளுக்கு ஐந்து நிமிடம் பேசி முடிக்கிற வரைக்கும் தலையாட்டக்கூடக் கூடாது. கடைசியில் இரண்டு நிமிடம் பேசலாம், அதுவும் கேள்வி கேட்கத்தான், பதில் சொல்ல இல்லை. ‘நல்லாருக்கு’ என்று மொட்டையாகச் சொன்னால் பத்து ரூபாய் அபராதம். உண்டியலில் சேர்வதற்குக் கடலை மிட்டாய். 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்த பண்டத்தை இலக்கியத்தில் பொய் சொன்ன காசில் தின்கிற ஒரே கூட்டம் இதுவாகத்தான் இருக்கும்.

நீ சிரிப்பாய், ஆனால் இந்தச் சட்டம் எனக்குச் சாப்பாடு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடம் எழுதி, வீட்டில் காட்டினால் ‘எழுத்து அழகா இருக்கு’ என்பாள் உன் அக்கா. கையெழுத்தைச் சொல்கிறாள். இங்கே ஏழு பேர் என் ஒரு வாக்கியத்துக்காக வேர்த்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். சில ஞாயிறு ராத்திரி தூக்கம் வராது, அது வேறு.

எங்களுக்கு ஒரு பொது வியாதி உண்டு. கரிசல் வியாதி. இந்த ஊரில் கல்லெறிந்தால் சாகித்திய அகாதமி விருது வாங்கினவர் மேல்தான் விழும். கு. அழகிரிசாமிக்கு 1970, கி.ரா. என்கிற கி. ராஜநாராயணனுக்கு 1991, பூமணிக்கு 2014, சோ. தர்மனுக்கு 2019. இதற்குள் உட்கார்ந்து எழுதுகிறவன் என்ன ஆவான்? பேனாவைத் திறந்தாலே கம்மங்கூழும் வேலிக்காத்தானும் தானாக வந்து விழுகின்றன. பிறந்ததிலிருந்து டவுனைத் தாண்டாத மருந்துக்கடைத் தம்பியின் ஆந்தைகூட ‘ஏலே’ என்றுதான் கூப்பிடும். போன வருடம் எனக்குத் தெரிய ஏழு கதைகளில் கடைசியில் கிழவி செத்தாள். தீப்பெட்டி அக்கா ஒருநாள் கேட்டார்: “ஏன் சார், உங்க கிழவிக யாருக்கும் ஒரு சுகர் மாத்திரைகூட வாங்கிக் குடுக்க மாட்டீங்களா?”

சரி. சுற்றி வளைத்தது போதும்.

மே மாதக் கூட்டத்துக்கு என் முறை. கையில் கதை இல்லை. பத்து நாள் வெள்ளைத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினோராம் நாள் எழுத உட்கார்ந்து, ஒரே ராத்திரியில் பதினொரு பக்கம் எழுதினேன். எழுதியது உன் கதை.

எதுவென்று உனக்கே தெரியும். 1996-ல், உன் கல்யாணத்துக்கு முந்தின வாரம், திருச்செந்தூர்க் கடற்கரையில் நீ சொன்னது. அப்பாவின் வத்தல் கடை நொடித்துப்போன வருடம். கடன்காரர்கள் வந்தால் ‘அப்பா ஊர்ல இல்ல’ என்று சொல்ல உன்னை வாசலில் நிறுத்தியிருந்தது. அந்த ஆச்சி காலையிலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்தது, பொழுது சாயும் வரை எழுந்திருக்காதது. அப்பா உள்ளே தானியம் கொட்டிவைக்கிற குலுக்கைக்குப் பின்னால் தண்ணீர்கூடக் குடிக்காமல் குத்தவைத்திருந்தது. அப்புறம் நீ வாயைத் திறக்காமல், கண்ணை மட்டும் அந்தப் பக்கம் திருப்பியது.

யாரிடமும் சொல்லாதே என்று நீ சொல்லவில்லை. அதையே ஒரு சாக்காக வைத்துக்கொண்டிருந்தேன். என்னிடம் அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்று நீ நினைத்திருப்பாய்.

பெயர்களை மாற்றினேன். வத்தலைப் பருத்தியாக்கினேன். குலுக்கையை மட்டும் மாற்ற மனசு வரவில்லை. கடைசிப் பக்கத்தில் அப்பாவைக் கொன்றும்விட்டேன். (அவர் இன்னும் பூதக்கண்ணாடி வைத்து வாரப் பத்திரிகை ஒன்று விடாமல் படிக்கிறார்தானே? எழுதும்போது அது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. அடுத்தநாள் காலையில் பல் தேய்க்கும்போது வந்தது.)

கூட்டத்தில் முதல் பக்கத்தை வாசித்துவிட்டு வாயைப் பூட்டிக்கொண்டேன். வாத்தியார் ஆரம்பித்தார். “தகப்பன் கதாபாத்திரம் ஒட்டல. ஒரு நாள் முழுக்க ஒளிஞ்சிருக்கிற கோழை, மறுநாள் மகனை ஒரு வார்த்தை கேட்க மாட்டானா? செயற்கையா இருக்கு” என்றார். ஒட்டவில்லையாம் மாப்ளே! மறுநாள் காலையில் அப்பா உன்னை சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டு விட்டது எனக்குத் தெரியும். அவர் கேட்கவில்லை, கடைசி வரை கேட்கவில்லை என்று நீ சொன்னது தெரியும். வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினேன். அண்ணாச்சி, பையன் கண்ணைக் காட்டியதற்குக் காரணம் வேண்டும், தகப்பன் முந்தின நாள் அவனை அடித்ததாக ஒரு காட்சி வைக்கலாம் என்றார். மருந்துக்கடைத் தம்பிக்கு, அப்பா குலுக்கைக்குள்ளேயே தானியமாகிவிட்டால் நன்றாக இருக்கும். சின்ன வயதில் எனக்குப் புட்டும் கடலையும் வாங்கிக் கொடுத்த மனுஷனை ஏழு பேர் கூறு போடுகிறார்கள். கத்தியை எடுத்துக் கொடுத்தவன் நான். ‘பாத்திரம்’, ‘பாத்திரம்’ என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்கு உன் அப்பாவின் காவி ஏறின பல்தான் கண் முன்னால் நின்றது.

கடைசியாக அக்கா. அவர் அவசரமே பட மாட்டார். காப்பியைப் புரட்டி நாலாவது பக்கத்தில் விரலை வைத்தார்.

“இந்தக் கிழவி காதுல பாம்படம் ஆடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. பாம்படம் வச்சிருந்தவ கடன் குடுத்தான்னா அதைக் கழட்டி வித்துத்தான் குடுத்திருப்பா. காதுல கிடந்தா எதுக்கு வந்து திண்ணையில உக்காரப்போறா?”

ஒருவரும் பேசவில்லை. அவரே தொடர்ந்தார். “காலையில வந்தவ பொழுதுசாய இருந்திருக்கா. மத்தியானம் என்ன சாப்பிட்டா? ஒண்ணுக்கு எங்க போனா? அப்பன் தண்ணி குடிக்கலங்கிறது மூணு எடத்துல வருது. இவ குடிச்சாளா? எவ்வளவு குடுக்கணும் இவளுக்கு? கதையில தொகையே இல்ல சார். கடன் கதையில தொகை இல்லாம எப்படி?”

மாப்ளே, நீ பாம்படம் என்று சொல்லவே இல்லை. அதை நான் வைத்தேன், கரிசல் மணம் வரட்டும் என்று. தொகை எனக்குத் தெரியாது. இந்த முப்பது வருடத்தில் நான் கேட்டதில்லை, நீயும் சொன்னதில்லை. அன்றைக்குக் கடற்கரையில் நாம் இரண்டு பேரும் அழுதோமே, அப்பாவுக்காகவும் உனக்காகவும். அந்த ஆச்சிக்குப் பெயர் உண்டா என்றுகூட நான் கேட்கவில்லை.

எனக்கு இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். கேட்க ஒரு கேள்வியும் இல்லை. “நல்லாருக்கு” என்று சொல்லிவிட்டுப் பத்து ரூபாயை உண்டியலில் போட்டேன். அவர்கள் ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகுதான் உன் போனை எடுக்க முடியாமல் போனது.

இன்னும் கேள். ஏதோ ஒரு சிறுகதைப் போட்டிக்கு இதை அனுப்பியே ஆக வேண்டும் என்று அண்ணாச்சி நிற்கிறார். கடைசித் தேதி 31. கவரில் விலாசம்கூட அவரே எழுதி வைத்துவிட்டார். பாம்படத்தை எடுத்துவிட்டால் கதை நிற்கும் என்று எனக்கும் தெரிகிறது. அதுதான் கேவலம். ஒரு பக்கம் உன்னை நினைத்து வயிறு கலங்குகிறது, இன்னொரு பக்கம் மூன்றாவது பாராவை ஐந்தாவதாக மாற்றலாமா என்று மனசு கணக்குப் போடுகிறது. இரண்டையும் ஒரே ஆள்தான் செய்கிறான்.

காப்பிகளைத் திருப்பி வாங்கினேன். ஆறு வந்துவிட்டது. அக்கா தரவில்லை. பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்துவிட்டாராம். திண்ணையில் உட்கார்ந்திருந்தவளின் பக்கத்திலிருந்து, காலையில் வீட்டைப் பூட்டிக் கிளம்பியதிலிருந்து. அடுத்த மாதம் அவர் முறை. “உங்களுக்கு ஆட்சேபணை இருந்தாச் சொல்லுங்க சார், விட்டுர்றேன்” என்றார். நான் என்ன சொல்ல? நானே திருடியது. திருட்டு மாட்டுக்குப் பாத்தியதை கொண்டாட முடியுமா?

இடைசெவல்காரர்களை நினைத்துக்கொள்கிறேன். கி.ரா.வும் அழகிரிசாமியும் 1923 செப்டம்பரில் ஒரு வார இடைவெளியில் பிறந்தவர்கள், ஒரே ஊர். அழகிரிசாமி கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் புத்தகமாகவே வந்திருக்கின்றன. அவர்களுக்குள்ளும் இப்படி ஒருவர் வீட்டுச் சங்கதி இன்னொருவர் கதைக்குள் போயிருக்குமா, போனால் எப்படிச் சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்று யோசிக்கிறேன். உடனே, ‘நீ அவங்களோட வச்சுப் பேசுற அளவுக்கு வந்துட்டியா’ என்று நீ கேட்பதும் காதில் விழுகிறது.

பதினொரு பக்கத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். ஓரத்தில் சிவப்பு மை வாத்தியார், அதில் பாதி ஒற்றுப்பிழை, விட்டுவிடு. பென்சிலில் இருப்பது நான், அக்கா சொன்னதைக் குறித்தது. அப்பா கண்ணில் படாமல் படி. அல்லது அவரிடம் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் நீயே முடிவு செய். வேண்டாம் என்றால் அண்ணாச்சியின் கவரைக் கிழித்துப்போடுகிறேன். அக்கா எழுதுவதை மட்டும் என்னால் நிறுத்த முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆச்சிக்கு எவ்வளவு கொடுக்க வேண்டியிருந்தது? பிறகாவது கொடுத்தீர்களா? இதைக் கதைக்காகக் கேட்கவில்லை என்று எழுதி, அடித்து, மறுபடி எழுதியிருக்கிறேன். எது உண்மை என்று எனக்கே தெரியவில்லை.

படித்து முடித்ததும் கூப்பிடு. இந்தத் தடவை எடுப்பேன். எங்கள் சட்டப்படி நீ பேசி முடிக்கிற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே.

உன்,
மாமா

பி.கு: பார்சலில் கடலை மிட்டாய் இரண்டு கிலோ இருக்கிறது. அபராதக் காசில் இல்லை, சொந்தக் காசு. அப்பாவுக்குப் பொடித்துக் கொடுக்கச் சொல்.