சின்னவளுக்கு முதலில் போன் எடு

வெள்ளவத்தை

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் பழையபடிதான். லிப்ட் மறுபடியும் பழுது. தேங்காய் ஏற்றுவதற்குக்கூட ஆள் பிடிக்கவேண்டியிருக்கிறது. பக்கத்துக் காணியில் இன்னொரு மாடிக் கட்டடம் எழும்புகிறது. மற்றப் புதினங்களை அம்மா சொல்வாள். நான் எழுதுவது அன்று நீ போனில் கேட்ட கேள்விக்காக. பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாய்.

"எல்லாம் வெறும் வசைதானே அப்பா. ஒன்றைச் சொன்னால் வேலை போகிறது, இன்னொன்றைச் சொன்னால் சிரிக்கிறார்கள். என்னை எத்தனை பேர் பாக்கி என்று கூப்பிட்டார்கள், யாருக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாய். எதைப் பேசும்போது இந்தக் கேள்வி வந்தது என்பதை நான் எழுதப்போவதில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். அம்மா பக்கத்தில்தான் இருந்தாள்.

நல்ல கேள்விதான். ஆயுளில் பாதியைப் புதுக்கடை நீதிமன்றத்தில் உரைபெயர்ப்பாளராகக் கழித்தவனிடம் கேட்கவேண்டிய கேள்வி. தண்டனைச் சட்டக்கோவை 484ஆம் பிரிவைச் சாப்பாட்டு மேசையில் உனக்கு அலுக்க அலுக்கச் சொல்லியிருக்கிறேன். சமாதானம் குலையும்படி ஒருவரை வேண்டுமென்றே அவமதிப்பது. அந்த வழக்குகளில் முதலில் வருவது, "எதிரி என்ன சொன்னார்?" என்ற கேள்வி. கூண்டில் நிற்கும் கிழவி வாய்கூசி, "சொல்லக்கூடாத பேச்சு ஐயா" என்பாள். அது போதாது. சொல் அப்படியே பதிவில் ஏறவேண்டும். ஆனால் அதோடு முடிந்ததா? யார் சொன்னது, எங்கே நின்று, கூட யார் நின்றார்கள், கையில் என்ன இருந்தது என்று கேள்விகள் நீளும். ஒரே "நாயே" ஒரு வழக்கில் தள்ளுபடியாகும், இன்னொன்றில் தண்டமாகும். அம்மா உன்னை எத்தனை தரம் அப்படி ஏசியிருக்கிறாள்! நீ சிரித்துக்கொண்டே இன்னொரு தோசை கேட்டாய்.

ஒரு வசை எவ்வளவு சுடும் என்று அகராதி சொல்லாது, தம்பி. அதை வாயில் வைத்துக்கொண்டு மனிதர்கள் என்ன செய்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

நீ சொன்ன பாக்கியையே எடு. பாகிஸ்தான் என்ற நாட்டுப் பெயரின் பாதி, அவ்வளவுதான். அவுஸ்திரேலியனை 'ஓஸி' என்று சுருக்கினால் அவன் கோபிப்பதில்லை. ஆனால் இங்கிலாந்தில் 1970 அளவில், ஆசிய முகங்களைத் தேடிப்பிடித்து அடிப்பதற்கே அந்தச் சொல்லில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். 1978 மே 4ஆம் திகதி லண்டன் வைட்சப்பலில், வேலை முடிந்து வீடு திரும்பிய அல்தாப் அலி குத்திக் கொல்லப்பட்டார். அவர் வங்காளி, பாகிஸ்தான்காரர்கூட இல்லை. இன்று அங்கே ஒரு பூங்காவுக்கு அவர் பெயர். நீ ரொறன்ரோவில் பஸ் தரிப்பிடத்தில் அந்தச் சொல்லைக் கேட்ட அன்று எழுதிய நீலக் கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அடிக்கவில்லை, தள்ளவில்லை, சொல்லிவிட்டுப் போனான் என்று எழுதியிருந்தாய். சொன்னதோடு போயிருந்தால், பிறகு ஏன் ஓரம்வரை நெருக்கி நெருக்கி எழுதினாய்?

இங்கேயும் பார். கள்ளத்தோணி என்றால் அனுமதி இல்லாமல் வந்த படகு. அதில் கெட்ட வார்த்தை எங்கே இருக்கிறது? 1948 இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தோடு ஏறத்தாழ ஏழு இலட்சம் மலையகத் தமிழர் நாடற்றவர்களானார்கள். 1964 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேர் இந்தியாவுக்கு என்று ஒரு தொகையை எழுதியது, மூட்டைக் கணக்குப் போல. அதற்குப் பிறகு அந்த ஒரு சொல்லைக் கேட்டாலே மனிதன் பிறப்புச் சான்றிதழைத் தேடவேண்டியிருந்தது. நம் யாழ்ப்பாணத்து வாய்களும் சும்மா இருக்கவில்லை. தோட்டக்காட்டான் என்று சேர்த்துச் சொன்னோம். 2010 இல் சன் சீ கப்பலில் 492 தமிழர் கனடாக் கரைக்கு வந்தபோது, அங்கே அவர்களைப் பற்றிப் பேசிய பேச்சுக்கு நீ கொதித்தாய். சரியான கொதிப்பு. அதை மறந்துவிடாதே.

'மோட்டுச் சிங்களவன்' என்று நம்மவர் சொல்லாத நாள் உண்டா? அதைக் கேட்டு எந்தச் சிங்களவர் கொழும்பில் கதவைப் பூட்டினார்? ஆனால் அவர்கள் 'பறத் தெமளா' என்றால் நாங்கள் பூட்டினோம். யூலை 1983 இல், தமிழரைத் தேடித் தேடி அடித்த அந்த ஆடிக் கலவரத்தில், உனக்கு ஏழு வயது. பின்வீட்டு நோனா தன் குசினியில் உன்னை உட்காரவைத்து, வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய' என்று சொல்லப் பழக்கினாளே. முதல் எழுத்து வழுக்கினால் தமிழன் என்று பிடித்துவிடுவார்கள். வாளி! அந்த வாரம் அதைவிடப் பயங்கரமான சொல் இந்த நகரத்தில் இருக்கவில்லை. நீ பாடம்போலச் சொல்லிக்கொண்டே தூங்கினாய்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், உனக்குப் பிடிக்காது. அந்தப் 'பற' என்பதைச் சிங்களத்தில் அன்னியன் என்றும் எடுப்பார்கள், இழிந்தவன் என்றும் எடுப்பார்கள். நம்மவர் காதில் விழுந்தது மட்டும் சாதிப் பெயர். நமக்குச் சுட்டதில் பாதி அதுதான்: நாம் யாரைக் கிணற்றில் அள்ளவிடவில்லையோ அவர்களோடு நம்மைச் சேர்த்துவிட்டான் என்ற கொதிப்பு. 1957 இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பிறகும் நம் ஊர்க் கோயில்களில் என்ன நடந்தது என்று பெரியப்பாவைக் கேள். வேண்டாம், கேட்காதே, அவர் பிரஷர் ஏறிவிடும்.

கனம் கூடும், குறையும். 'தொப்பி பிரட்டி' என்று முஸ்லிம்களைச் சொல்வது பழைய வசை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து அவர்களைப் புலிகள் வெளியேற்றிய பிறகு நான் அதைச் சிரிப்புக்கும் சொல்வதில்லை. எழுத்து ஒன்றும் மாறவில்லை, ஆனாலும் அது முன்பிருந்த சொல் இல்லை.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். கறுப்பினத்தவரை ஏசும் அந்த ஆங்கிலச் சொல்லை, நீதிமன்றப் பதிவாக இருந்தால் எழுதியிருப்பேன், இது கடிதம். ஏலத்தில் மனிதரை விற்றபோதும் அந்தச் சொல்தான், மரத்தில் தொங்கவிட்டபோதும் அந்தச் சொல்தான். அமெரிக்காவில் 1877 முதல் 1950 வரை 4,400க்கு மேற்பட்ட கறுப்பினத்தவரைக் கும்பல்கள் கொன்றதாகப் பதிவு இருக்கிறது. எங்கள் ஆடியை வருடக்கணக்கில் நீட்டிப் பார். வெள்ளைக்காரனைத் திட்டுவதற்கும் அங்கே சொற்கள் உண்டு. அவற்றைச் சொல்லி அவனை யாரும் விற்கவில்லை. கறுப்புப் பொடியன்கள் தங்களுக்குள் சொல்கிறார்களே என்பாய். அம்மா சொன்ன நாயேக்குத் திரும்பிப் போ.

அமெரிக்கக் கதை, கனடாவில் அப்படி இல்லை என்றும் சொல்லாதே. உன் பையில் பத்து டொலர்த் தாள் இருந்தால் எடுத்துப் பார். 2018 முதல் அதில் இருக்கும் முகம் வயலா டெஸ்மண்டுடையது. 1946 இல் நோவா ஸ்கோஷியாவில் ஒரு தியேட்டரில் வெள்ளையருக்கான ஆசனத்தில் இருந்தார் என்று இழுத்துக்கொண்டுபோய் ஒரு இரவு பூட்டிவைத்தார்கள். வழக்கு எதற்கு? டிக்கெட் வரியில் ஒரு சதம் குறைவு என்று! சட்டம் வெட்கப்படும்போது இப்படித்தான் சில்லறைக் கணக்குப் பேசும். புதுக்கடையில் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

நீ அந்த ஆங்கிலச் சொல்லைச் சொல்லவில்லை, தெரியும். உன் சின்னவளோடு பழகும் பொடியனைப் பற்றி நீ சொன்னது எங்கள் சொல். காப்பிலி. தமிழில் சொன்னால் யாருக்கு விளங்கப்போகிறது என்று நினைத்திருப்பாய். அது அரபியிலிருந்து போர்த்துக்கேயர் எடுத்து, ஆபிரிக்கரைப் பிடித்துக்கொண்டுவந்த கப்பலிலேயே இங்கே இறக்கிய சொல். நாம் கொம்பனித்தெரு என்று சொல்லி பஸ் ஏறுகிற இடத்துக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் அடிமைத் தீவு என்றுதான் பெயர் இருந்தது. ஒல்லாந்துக் கொம்பனி தன் அடிமைகளை அங்கேதான் வைத்திருந்தது. அந்த மக்களின் வழிவந்தவர்கள் புத்தளத்துச் சிறாம்பியடியில் இருக்கிறார்கள். காப்பிரி என்பதைத் தங்கள் பெயராகவே சொல்கிறார்கள், மஞ்சா என்ற தங்கள் பாட்டுகளைப் பாடுகிறார்கள். அவர்கள் சொல்லும்போது அது பெயர். அதே வேரிலிருந்து வந்த சொல், தென்னாபிரிக்காவில் வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் அனுமதிப் புத்தகம் கேட்ட பொலிஸ்காரனின் வாயில் இருந்தது. 2018 இல் அங்கே ஒரு பெண், கறுப்பினப் பொலிஸாரை அப்படித் திரும்பத் திரும்ப ஏசியதற்காக மூன்று வருடச் சிறைத்தண்டனை பெற்றாள். ஒரு வருடம் ஒத்திவைக்கப்பட்டது.

அந்தப் பொடியனுக்கு விளங்கியிருக்காது, ஒத்துக்கொள்கிறேன். சின்னவளுக்கு? பனியில் சனிக்கிழமை தவறாமல் அவளைத் தமிழ் வகுப்புக்குக் கொண்டுபோய் விட்டவன் யார்? கனடாவில் பிறந்த பிள்ளை உன் அம்மாவோடு ஒரு ஆங்கிலச் சொல் கலக்காமல் பேசுகிறது என்று நான் இந்தக் கட்டடம் முழுவதும் சொல்லித் திரிகிறேன். அந்தப் பெருமை உன்னுடையது. இரவு வேலை முடித்துவிட்டுத் தூங்காமல் காரோட்டினாய். அதனால்தான் நீ சொன்னது அவளுக்கு எழுத்து விடாமல் விளங்கியது.

சின்னவள் இங்கே உன் அம்மாவுக்கு இன்னும் போன் எடுக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்டால், நெட்வொர்க் சரியில்லை என்று வைத்துவிடுகிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றே வைத்துக்கொள். அந்தப் பிள்ளையின் அம்மம்மா யமேக்காவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்து, பேரன்வரை படிக்கவைத்தவராம். டிசம்பரில் இருவரும் இங்கே வரலாமா என்று சின்னவள் கேட்டாள். அம்மா வா என்றுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவன் உறைப்பு நன்றாகச் சாப்பிடுவானாம். அம்மாவுக்கு அது போதும்.

கல்யாணம், சம்பந்தம் எல்லாம் பிறகு பேசலாம். உனக்கு அவனைப் பிடிக்காமல் இருக்க ஆயிரம் காரணம் இருக்கலாம். குடிக்கிறானா, சம்பளம் என்ன, சின்னவளை ஒழுங்காக நடத்துகிறானா என்று கேள், நானும் கேட்பேன். உனக்குப் பெண் கொடுக்கும்போது உன் மாமனார் என்னிடம் கேட்காத கேள்வியா? ஆனால் அந்தச் சொல்லால் அவனைக் கூப்பிடாதே. அவன் இல்லாத இடத்திலும் கூப்பிடாதே.

இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று நீ எழுதவேயில்லை. மருந்தை விட்டுவிட்டு நடந்தால் போதும் என்று யாரோ சொன்னதைக் கேட்காதே, வைத்தியரைக் கேள்.

சின்னவளுக்குப் போன் எடு. விளக்கம் சொல்லவேண்டாம், என்னிடம் கேட்ட கேள்வியை அவளிடம் கேட்கவும் வேண்டாம். அவள் எடுக்காவிட்டால் மறுநாளும் எடு. பேசிய பிறகு எனக்கு எடு. அதற்கு முன் எடுத்தால் அம்மாதான் பேசுவாள்.

அன்புடன்,
அப்பா