பால் கணக்குச் செயலியின் வரவும் செலவும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செல்பேசிச் செயலி உருவாக்கி வீட்டிலிருந்தபடியே பொருளீட்டலாம் என்று தங்கள் நாளிதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். அதில் எடுத்துக்காட்டாகக் கூறப்பட்ட ‘ஃப்ளாப்பி பேர்ட்’ விளையாட்டு நாளொன்றுக்கு 50,000 டாலர் விளம்பர வருவாய் ஈட்டியதாகச் செய்திகள் வந்தது உண்மைதான். ஆனால் அதை உருவாக்கிய வியட்நாம் இளைஞர் டோங் நுயென் 2014 பிப்ரவரியில் தாமே அதைச் செயலிக் கடைகளிலிருந்து எடுத்துவிட்டார் என்பதையும் ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

நான் தனி ஆளாக நடத்திவருவது பால்காரர்களுக்கான மாதக் கணக்குச் செயலி. நிரல் எழுதியது மூன்று மாத வேலைதான். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் தெருப் பால்காரருடன் ஒரு வாரம் நடந்த பிறகே, ஈர விரலுக்குத் தொடுதிரை கட்டுப்படாது என்பது எனக்குப் புரிந்தது. எண்களை உள்ளிடும் பகுதியை அடியோடு நீக்கிவிட்டு, ‘வழக்கம்போல்’, ‘கூடுதல்’, ‘இன்று வேண்டாம்’ என்று மூன்று பெரிய பொத்தான்களை மட்டும் வைத்தேன்.

ப்ளே ஸ்டோரில் பதிவுக் கட்டணம் ஒரே முறை 25 டாலர், அது சுமையன்று. 2023 நவம்பர் 13-க்குப் பிறகு கணக்குத் தொடங்கிய தனிநபர்கள், செயலியை வெளியிடுமுன் 20 பேரைத் தொடர்ந்து 14 நாள்கள் சோதனையாளர்களாக வைத்திருக்க வேண்டும் என்ற விதிதான் என்னைத் திணறடித்தது. (பின்னர் அதை 12 பேராகக் குறைத்துவிட்டார்கள்.) அத்தை மகள் திருமணத்திற்கு வந்திருந்த உறவினர்களைப் பிடித்து எண்ணிக்கையை நிரப்பினேன்.

முதலில் விளம்பரத்தை நம்பினேன். விளம்பர வருவாய்க் கணக்கில் 10 டாலர் சேர்ந்தால்தான் முகவரியைச் சரிபார்க்கும் ரகசிய எண் தபாலில் வரும். 100 டாலர் சேர்ந்தால்தான் பணம் வங்கிக்கு வரும். அந்தத் தபால் வருவதற்கே ஏழு மாதம் ஆயிற்று; வங்கி நோட்டீஸோ என்று அம்மா பதறிவிட்டார். நாளுக்குச் சில நிமிடங்களே திறக்கப்படும் செயலியில் விளம்பரத்துக்கு வேலையில்லை என்பதை நான் முன்பே உணர்ந்திருக்க வேண்டும். அடுத்து மாதச் சந்தாவாக 49 ரூபாய் வைத்தேன். பணம் தானாகப் பிடிக்கப்படும் என்றதும் பலர் விலகினார்கள். மாதாமாதம் வசூலித்துப் பிழைப்பவர்கள் இப்படிச் செய்கிறார்களே என்று எனக்கு வருத்தம். ஆனால் அவர்கள் வாசலில் நின்று, கணக்கைக் காட்டி, கேட்டு வாங்குகிறார்கள். நான் கேட்காமல் எடுக்கப் பார்த்தேன். ஒரே முறை 299 ரூபாய் என்று மாற்றியதும் வாங்கத் தொடங்கினார்கள். அதில் ப்ளே ஸ்டோர் பிடித்துக்கொண்ட 15 சதவீதத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை.

சென்ற ஆண்டு நான் அவசரமாக வெளியிட்ட புதிய பதிப்பு ஒன்று, சிலருடைய மூன்று நாள் கணக்கை அழித்துவிட்டது. எங்கள் தெருப் பால்காரர் பழைய நோட்டைப் பார்த்துத்தான் அதை மீட்டார். இன்றும் கேரியரில் செல்பேசிக்குப் பக்கத்தில் அந்த நோட்டையும் வைத்தே பால் ஊற்ற வருகிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோவில்பட்டி.