பொருள்: சப்வூஃபரை அணைத்துவிட்டு நடத்திய இசை இரவுக்குக் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றி

நிகழ்ச்சி ஏற்பாட்டாளர்களுக்கும் வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கும்,

வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு நீங்கள் நடத்திய அண்டர்கிரவுண்ட் எலக்ட்ரானிக் இசை நிகழ்ச்சிக்கு என் தங்கையோடு வந்திருந்தேன். டிக்கெட் விற்பனை தொடங்கிய அன்றே இரண்டு டிக்கெட் எடுத்தேன். ஃபுட்வொர்க், கொம், சிங்கெலி என்று மூன்று புதிய வகைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரம், அதுவும் "முழு சவுண்ட் சிஸ்டத்தில்" என்று உங்கள் அறிவிப்பு சொன்னது. இத்தனை வருடமும் நான் ஹெட்ஃபோனில் மட்டுமே கேட்டுவந்த இசை இது. பெரிய ஸ்பீக்கர் முன்னால் நின்று ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்றுதான் வந்தேன்.

நிகழ்ச்சி 70 நிமிடம் தாமதமாகத் தொடங்கியது. அது பரவாயில்லை, அதற்காக நான் எழுதவில்லை.

மேடைக்கு இருபுறமும் தரையில் இரண்டிரண்டாக, பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள நான்கு பெரிய சப்வூஃபர் பெட்டிகள் வைத்திருந்தீர்கள். முதல் கலைஞரின் செட் தொடங்கிப் பத்து நிமிடம் ஆகியும் நெஞ்சில் எதுவும் வந்து இறங்கவில்லை. சந்தேகப்பட்டு இடப்பக்கப் பெட்டியின் கம்பி வலைமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். துளி அதிர்வு இல்லை. மொபைல் டார்ச்சை அடித்துப் பார்த்தால் உள்ளே அதிர்ந்து ஒலி எழுப்ப வேண்டிய கூம்பு அசையாமல் இருக்கிறது, அதன் மேல் படிந்த தூசிகூட அப்படியே இருக்கிறது. அந்த வீடியோவை இதனுடன் இணைத்திருக்கிறேன். சவுண்ட் டெஸ்க்கில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "இந்த ஹாலுக்கு பேஸ் கட்டுப்பாடு இருக்கு சார். சப்வூஃபரை ஆஃப் பண்ணிடுங்கன்னு சாயங்காலமே சொல்லிட்டாங்க" என்றார்.

சாயங்காலமே உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. வாசலில் ஒரு தாள் ஒட்டியிருந்தால்கூட, உள்ளே போவதா வேண்டாமா என்று நாங்களே முடிவு செய்திருப்போம்.

பாட்டு காதில் விழுந்ததுதானே, பேஸ் குறைந்தால் என்ன என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது நினைக்கக்கூடும். அவர்களுக்காகச் சொல்கிறேன். ஃபுட்வொர்க், சிகாகோவில் ஆட்டக்காரர்கள் வட்டமாக நின்று ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு ஆடுவதற்காக வளர்ந்த இசை. மேலே டிரம் நிமிடத்துக்கு 160 பீட் வேகத்தில் சிதறி ஓடும். அடியில் பேஸ் அதில் பாதி வேகத்தில் நிதானமாக நடக்கும். கால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளும், உடம்பு இன்னொன்றைப் பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஆட்டமே இருக்கிறது. அடியில் இருப்பதை உருவிவிட்டால் தகரத்தில் ஆணி கொட்டுகிற சத்தம்தான் மிஞ்சும். அன்றைக்கு நாங்கள் கேட்டது அதைத்தான். பேஸ் இறங்குகிற 50 ஹெர்ட்ஸ் ஒலியில் ஒரு அலையின் நீளமே கிட்டத்தட்ட 7 மீட்டர். அவ்வளவு தாழ்ந்த ஒலிக்கு வேண்டிய காற்றைத் தள்ளுவது மேலே தொங்கிய ஸ்பீக்கர்களால் ஆகிற காரியமில்லை.

அடுத்து வந்த கொம் இசைக்கு நேர்ந்தது இன்னும் மோசம். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இளைஞர்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் உருவாக்கிய இசை அது. அந்த ஊர் மினிபஸ் டாக்சிகளில் பொருத்திய பெரிய ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் தெருத் தெருவாகப் பரவியது. ஒரு டாக்சியில் கிடைத்த பேஸ் உங்கள் அரங்கத்தில் கிடைக்கவில்லை. அதை ஈடுகட்டவோ என்னவோ, மேல் ஸ்தாயியை ஏற்றிவிட்டார்கள். காது கூசியது. மறுநாள் மத்தியானம் வரை எனக்கு இரைச்சல் நிற்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் இசை அரங்குகளுக்கென்று 2022-ல் வெளியிட்ட தரநெறி, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக்கூடாது, வருகிறவர்களுக்கு இயர்பிளக் கிடைக்க வேண்டும் என்கிறது. உங்கள் வாசலில் இயர்பிளக் கேட்டேன். அப்படி எதுவும் கொடுப்பதில்லை என்றார்கள். மேடைக்கு முன்னால் ஆடுவதற்கு இருந்த இடத்திலும் விஐபி சோபாக்களைப் போட்டிருந்தீர்கள்.

சிங்கெலி செட்டுக்கு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. தான்சானியாவின் தாருஸ்ஸலாமில் பிறந்த இந்த இசையின் வேகம் நிமிடத்துக்கு 200 பீட்டுக்கு மேல், சில பாடல்களில் 300-ஐத் தொடும். முதல் தடவை கேட்பவருக்குத் தலை சுற்றும், உண்மைதான். பத்து நிமிடம் பொறுத்தால் காது பழகி, அந்த வேகத்துக்குள் இருக்கிற தாளம் பிடிபடும். கூட்டத்துக்கு அது பிடிபடத் தொடங்கிய நேரம். பின்வரிசையில் நாலைந்து பேர் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். 22-வது நிமிடத்தில் உங்கள் ஆள் ஒருவர் மேடையேறி அந்தக் கலைஞரின் காதில் ஏதோ சொன்னார். ஒலி நின்றது. அப்புறம் ஒரு லேப்டாப்பை இணைத்து, எல்லா இடத்திலும் கேட்கிற சாதாரண ஹவுஸ் நடன இசைத் தொகுப்பு ஒன்றைக் கடைசிவரை ஓட விட்டீர்கள். அந்தக் கலைஞர் ஹெட்ஃபோனைக் கழுத்தில் போட்டபடி மேடை ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் ஒயர்களை ஒவ்வொன்றாகச் சுருட்டிப் பையில் வைத்தார். மேடையிலிருந்து யாரும் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

வெளியே வரும்போது என் தங்கை, "இதுக்காகவா அண்ணா இவ்வளவு நாள் காத்திருந்தே?" என்று கேட்டாள். அவள் இந்த இசையை முதல் தடவையாகக் கேட்டது அன்றைக்குத்தான். அவளைப் போல எத்தனையோ பேர் வந்திருந்தார்கள். இந்த இசை இவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். பணத்தைவிட எனக்கு இதுதான் வலிக்கிறது. ஏற்கெனவே பெயர் பெற்ற இசையாக இருந்தால் ஒரு மோசமான இரவைத் தாங்கும். இப்போதுதான் தலையெடுக்கிற இசைக்கு இரண்டாவது வாய்ப்பு அவ்வளவு எளிதாகக் கிடைக்காது.

திங்கட்கிழமை உங்கள் சேவை எண்ணில் பேசியபோது, "நிகழ்ச்சி ரத்தாகவில்லை, அதனால் ரீஃபண்ட் கிடையாது" என்றார்கள். ரத்தாகவில்லை, சரி. ஆனால் முழு சவுண்ட் சிஸ்டம், ஒரு மணி நேர செட்கள் என்று சொல்லித்தான் டிக்கெட் விற்றீர்கள். இரண்டையும் நீங்கள் தரவில்லை.

எனவே இரண்டு டிக்கெட்டுக்கும் பாதிக் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும். பாதியில் நிறுத்தப்பட்ட கலைஞருக்குப் பேசிய தொகையை முழுதாகக் கொடுத்தீர்களா என்று எழுத்தில் தெரிவியுங்கள். செட் நின்றதற்கு அவர் காரணமில்லை என்று, டிக்கெட் வாங்கிய எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள். இனிமேல் பேஸ் கட்டுப்பாடு உள்ள அரங்கத்தில் நடத்துவதாக இருந்தால், அதை டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.

14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் முறையிடுவேன். டிக்கெட் நகல்கள், உங்கள் அறிவிப்பின் படம், சப்வூஃபர் வீடியோ ஆகியவற்றை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்