குளத்துச் சேற்றில் தங்கிய நஞ்சு

ஆசிரியருக்கு வணக்கம்.

வியட்நாம் போரில் காட்டையும் பயிரையும் அழிக்க அமெரிக்கப் படை தெளித்த 'ஏஜென்ட் ஆரஞ்சு' என்ற களைக்கொல்லி மருந்து பற்றிய உங்கள் கட்டுரையைப் படிப்பவர்கள், அது விழுந்த நிலம் முழுக்க இன்னும் நஞ்சு, அதில் விளையும் அரிசியும் நஞ்சு என்றே நினைப்பார்கள். அந்நாட்டு உழவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

2,4-டி, 2,4,5-டி என்ற இரு களைக்கொல்லிகளைச் சரிபாதி கலந்ததுதான் அந்த மருந்து. முதலாவது நம்மூர் வயல்களில் இன்றும் அடிப்பதுதான். இரண்டுமே சில வாரங்களில், மிஞ்சினால் சில மாதங்களில் மண்ணில் சிதைந்துவிடும். சிதையாமல் நிற்பது, 2,4,5-டி தயாரிப்பில் சூடு மிகும்போது உண்டான டையாக்சின் என்ற கொடிய நச்சுக் கழிவு. வெயில் படும் மேல்மண்ணில் அது ஒன்று முதல் மூன்று ஆண்டுகளில் பாதியாகும். ஆழத்தில் புதைந்தால் 25 முதல் 100 ஆண்டுகள்கூட ஆகலாம்.

1962 முதல் 1971 வரை விமானத்திலிருந்து தெளித்த வயல்களில் பெரும்பாலானவற்றில் இப்போது அதன் அளவு மிகக் குறைவு. பீப்பாய்களை அடுக்கி, நிரப்பி, கழுவிய இடங்கள்தான் தேறவில்லை: பியென் ஹோவா, டா நாங், ஃபூ காட் விமானதளங்கள், ஆ லுவோய் பள்ளத்தாக்கின் ஆ சோ முகாம்.

டையாக்சின் நீரில் கரையாது என்றே சொல்லலாம். மண்துகளோடு ஒட்டி, மழைநீரில் அடித்துப்போய்க் குளத்தில் படியும். சேற்றைக் கிளறித் தின்னும் மீனுக்கும் வாத்துக்கும், மண்ணைக் கொத்தும் கோழிக்கும் அது கொழுப்பில் சேர்கிறது. அதனால் குளத்து நீரை மட்டும் சோதித்து 'பாதுகாப்பானது' என்று சொல்வது தவறு. சேற்றையும் மீன், வாத்துக் கொழுப்பையும் சோதிக்க வேண்டும். நெல் இதை வேர்வழி ஏற்றுவது மிகமிகக் குறைவு. பூசணி வகைகளில் சில மட்டும் விதிவிலக்கு.

இந்த இடங்களை ஒட்டி வாழ்பவர்கள் அந்தக் குளங்களில் மீன் வளர்க்கக் கூடாது. டா நாங் தளத்தை ஒட்டிய சென் ஏரியில் மீன்பிடிப்பு நிறுத்தப்பட்டது இதனால்தான். கோழியை மண்ணில் மேயவிடாமல் கூண்டில் வைத்து, வெளியூர்த் தீவனம் போட வேண்டும். கிழங்கை மண் போகக் கழுவித் தோல் சீவ வேண்டும். ஐயமுள்ள மீனின் தலை, குடல், ஈரல், கொழுப்பை எறிந்துவிட்டால் நஞ்சு குறையும். வேகவைத்தாலோ பொரித்தாலோ அது அழியாது. வண்டலை அள்ளி வயலில் கொட்டுவது நம்மிடம் நல்ல வழக்கம். அங்கே அதே வேலை நஞ்சைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

மண்ணைச் சுத்தம் செய்யவும் முடியும். டா நாங்கில் சுமார் 90,000 கன மீட்டர் மண்ணையும் சேற்றையும் தோண்டி, கான்கிரீட் அடைப்புக்குள் குவித்து, சூட்டுக்கம்பிகள் செருகி 335 டிகிரி செல்சியஸ் வரை காய்ச்சினார்கள். 2018-இல் அந்தப் பணி முடிந்தது. பியென் ஹோவாவில் காத்திருப்பது சுமார் 5 லட்சம் கன மீட்டர். 2025-இல் அமெரிக்க உதவி முடக்கப்பட்டபோது அங்கே வேலை பாதியில் நின்றது. தோண்டிய குழி திறந்து கிடக்கையில் மழை வந்தால் அந்த மண் மறுபடி வாய்க்காலுக்குத்தான் போகும். பிறகு பணி தொடர்ந்தது என்றாலும், இப்படி இன்னொரு முறை நடக்க விடவே கூடாது.

அரிசி பற்றிய வரிகளை அடுத்த இதழில் திருத்தி வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

— மண்ணியல் துறை வாசகர், கோவை