நம்ம பாப்பாவின் ஃபெலோஷிப் பற்றி

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கல்லூரி திறந்து, முதலாண்டுப் பிள்ளைகளின் சேர்க்கை இன்னும் முடியாத நேரம் என்பதால் உடனே பதில் எழுத முடியவில்லை. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, மற்றபடி தெம்பாகத்தான் இருக்கிறாள். ஆனித் தேரோட்டத்துக்கு நீ வருவாய் என்று எதிர்பார்த்தோம். கோயம்புத்தூர் போனதிலிருந்து உன்னைப் பிடிக்கவே முடியவில்லை. மேற்கே மேகம் கட்டி நிற்கிறது, சாயங்காலமானால் பாளையங்கோட்டை வரைக்கும் சாரல் காற்று வருகிறது. குற்றாலத்தில் தண்ணீர் நன்றாக விழுகிறதாம். தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு ஒரு நடை வந்துவிட்டுப் போயேன்.

சரி, உன் மகள் பாப்பா விஷயத்துக்கு வருகிறேன். எம்.எஸ்.டபிள்யூ. என்கிற சமூகப்பணி முதுகலை முடித்தவள், அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் மாணவர் நலப் பிரிவுகளில் ஃபெலோஷிப் கிடைக்கும் என்கிறாள், "இது படிப்பா, வேலையா, உதவித்தொகையா? இதை நம்பி அனுப்பலாமா?" என்று கேட்டிருக்கிறாய். மூன்றும் சேர்ந்ததுதான். தாராளமாக அனுப்பலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்க்கும் முன், எத்தனை பிரிவுகளில் உட்கார்ந்து வேலை பழக விடுவார்கள் என்பதை முதலில் பார்க்கச் சொல். மாணவர் நல வேலையில் இருக்கிறவன் என்ற முறையில் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அங்கே மாணவர் நலம் என்பது தனித் தொழில். பேராசிரியர் ஒருவருக்குக் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிற வேலை இல்லை. விடுதி, முதலாண்டு மாணவர் அறிமுகம், வேலைவாய்ப்பு, மனநல ஆலோசனை, ஒழுங்கு விசாரணை, மாற்றுத்திறனாளி மாணவர், வெளிநாட்டு மாணவர் என்று ஒவ்வொன்றுக்கும் தனி அலுவலகம், அதற்கென்றே படித்த ஆட்கள். 'நாஸ்பா' என்கிற அவர்களுடைய சங்கம் 1919-லேயே தொடங்கிவிட்டது. 'ஏசிபிஏ' என்கிற இன்னொரு சங்கம் 1924-ல். 1937-ல் அமெரிக்கக் கல்விக் குழுமம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மாணவனை வெறும் படிக்கிற மூளையாகப் பார்க்காமல் உடம்பு, மனசு, குடும்பம், காசு எல்லாம் சேர்ந்த முழு ஆளாகப் பார்க்க வேண்டும் என்பது அதன் சாரம். இன்றைக்கும் இந்தத் துறையில் படிக்க வருகிறவர்களுக்கு அதைத்தான் முதல் பாடமாக வைக்கிறார்கள்.

வழக்கமான வழி இது: 'உயர்கல்வியும் மாணவர் நலமும்' என்கிற மாதிரிப் பெயரில் இரண்டாண்டு முதுகலை இருக்கும். படிக்கும்போதே ஏதாவது ஓர் அலுவலகத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை. பதிலுக்குக் கல்விக் கட்டணத்தில் முழுசாகவோ பாதியாகவோ விலக்கு, மாதம் ஒரு தொகை. விடுதிப் பிரிவில் இடம் கிடைத்தால் தங்க அறையும், பல இடங்களில் சாப்பாடும் சேர்ந்துவிடும். சில இடங்களில் இதை அசிஸ்டென்ட்ஷிப் என்பார்கள், சில இடங்களில் ஃபெலோஷிப் என்பார்கள். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். கட்டண விலக்கு எவ்வளவு, மருத்துவக் காப்பீடு யார் கட்டுவது, கோடை மாதங்களுக்குப் பணம் உண்டா. பல ஒப்பந்தங்கள் ஒன்பது, பத்து மாதத்துக்குத்தான் இருக்கும். மாணவர் விசாவில் போகிறவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்க முடியாது, அதனால் கையைக் கடித்தால் வேறு வேலை தேடிச் சமாளிக்கலாம் என்ற கணக்கு செல்லாது. வங்கிக் கடன் வாங்கும் முன் நீ இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்துவிடு.

விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர், ஜனவரியில் முடியும். பிப்ரவரி, மார்ச்சில் வேலைக்கான நேர்காணல் நடக்கும். இப்போதே தொடங்கினால் அவசரமில்லாமல் செய்யலாம்.

இன்னொரு வழியும் உண்டு, எனக்கு அதுதான் மேலாகத் தெரிகிறது. இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு முதுகலை ஃபெலோஷிப்பில் உயர்கல்வி நிர்வாகமும் ஒரு பாடப்பிரிவாக இருந்துவருகிறது. கட்டணம், பயணம், வாழ்க்கைச் செலவு எல்லாவற்றுக்கும் பணம் வரும். ஆனால் விண்ணப்பிக்கும் முன் குறைந்தது 3 ஆண்டு முழுநேரச் சம்பள வேலை பார்த்திருக்க வேண்டும், முடித்ததும் ஊர் திரும்ப வேண்டும். ஊர் திரும்ப வேண்டும் என்பது உனக்கு இனிக்கும், பாப்பாவுக்கு எப்படியோ. அந்த ஆண்டின் அறிவிப்பில் பாடப்பிரிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

பல பிரிவுகளில் பழக வேண்டும் என்று ஏன் அடித்துச் சொல்கிறேன் தெரியுமா? போன வருடம் இங்கே ஒரு பிள்ளைக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

முக்கூடல் பக்கத்துப் பெண், இரண்டாமாண்டு கணிதம். வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள். அம்மா பீடி சுற்றுகிறாள். திடீரென்று வருகைப் பதிவு குறைந்துகொண்டே போய் 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. 'பெற்றோரைக் கூட்டிவா' என்று துறையில் கடிதம் கொடுத்தார்கள். அம்மா எப்படி வருவாள்? ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு நாள் விட்டால் அந்தக் கூலி போச்சு, கடையில் கொடுக்க வேண்டிய கணக்கும் நின்றுபோகும். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை இருக்கிறதே, அதற்கு இந்தப் பெண் ஒழுங்காக விண்ணப்பித்திருக்கிறாள். பணம் வரவில்லை. ஆதார் இணைந்திருந்தது ஒரு பழைய வங்கிக் கணக்கோடு, அந்தக் கணக்கு செயல்படாமல் கிடந்திருக்கிறது. பணம் வராததால் அம்மாவோடு சேர்ந்து இவளும் மடியில் சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். வேலைவாய்ப்புப் பயிற்சிக்கும் வரவில்லை, அங்கே 'ஆர்வமில்லை' என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

பார், உதவித்தொகை மேஜையில் இருந்தவருக்குக் கணக்கு விஷயம் தெரியும். துறைக்கு வருகைப் பதிவு தெரியும். பயிற்சிப் பிரிவுக்கு அவள் வராதது தெரியும். யார்மேலும் குறை சொல்ல மாட்டேன், அவரவர் மேஜையில் அவரவர் வேலையைச் சரியாகத்தான் பார்த்தார்கள். மூன்றையும் ஒருசேரப் பார்க்க ஒரு ஆள் இல்லை. கடைசியில் எங்களிடம் களப்பணிக்கு வந்திருந்த ஒரு சமூகப்பணி மாணவிதான் வராந்தா பெஞ்சில் அவளை உட்காரவைத்து, அரைமணி நேரம் பேசி, எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தாள். விரல் நுனியில் பீடித்தூள் கறை இருந்ததைப் பார்த்துத்தான் பேச்சையே தொடங்கினாளாம். மறுநாள் இரண்டு பேருமாக வங்கிக்குப் போனார்கள். ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை அது. அந்தப் பெண் இப்போது மூன்றாமாண்டில் இருக்கிறாள்.

அந்தக் களப்பணி மாணவி செய்ததுதான் ஃபெலோ ஒருவர் செய்ய வேண்டிய வேலை என்று நான் நினைக்கிறேன். பிள்ளைகளின் கஷ்டம் பிரிவு பார்த்து வருவதில்லை. பணக் கஷ்டம் வருகைப் பதிவாக வரும், வீட்டுச் சண்டை விடுதிப் புகாராக வரும், பயம் அரியராக வரும். விடுதியை மட்டும் தெரிந்தவளுக்கு எல்லாம் விடுதிப் பிரச்சினையாகத்தான் தெரியும். அதனால்தான் பாப்பாவை முதல் அரையாண்டு ஒரு பிரிவு, அடுத்த அரையாண்டு இன்னொன்று என்று மாற்றி மாற்றி உட்காரவைக்கும் இடமாகத் தேடச் சொல்கிறேன். நேர்காணலில் இதை அவளே வாய்விட்டுக் கேட்கட்டும். அப்படி ஏற்பாடு இல்லையென்றாலும், பாடத்தோடு சேர்ந்த களப்பயிற்சியை வேறு பிரிவில் எடுத்துக்கொள்ள அநேகமாக விடுவார்கள்.

அங்கே போனால் கட்டாயம் பார்க்க வேண்டிய பிரிவு ஒன்று இருக்கிறது. நம் ஊரில் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்குகிறோம் அல்லவா? 2010-ல் தொழிற்கல்விக் கட்டணச் சலுகைக்காக வந்தது. அதைக் கொடுத்துச் சேர்ந்த பிறகு அந்தப் பிள்ளை முதல் பட்டதாரி என்பது யாருக்கும் நினைவிருப்பதில்லை. அமெரிக்காவில் அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே பல பல்கலைக்கழகங்களில் தனி அலுவலகம் வைத்திருக்கிறார்கள். 1965-ல் அவர்களுடைய உயர்கல்விச் சட்டம் கையெழுத்தான நவம்பர் 8-ஐ அந்த மாணவர்களுக்கான நாளாகவே கொண்டாடுகிறார்கள். சேர்ந்த நாளிலிருந்து பட்டம் வாங்கும் வரை அந்தப் பிள்ளையோடு கூடவே நடப்பதற்கு ஆள் வைத்திருக்கிறார்கள். அது எப்படி நடக்கிறது என்பதை அவள் ஒரு வருடம் பக்கத்திலிருந்து பார்த்தால் போதும், நம் மாவட்டத்துக்கு அதைவிடப் பெரிய லாபம் வேண்டாம்.

இங்கேயே வேலை இல்லையா என்று நீ கேட்பாய். இப்போது வழி திறக்கிறது. 2022-ல் யூஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழு, வெளியிட்ட வழிகாட்டுதலில் ஒவ்வொரு கல்லூரியிலும் மாணவர் சேவை மையம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 100 மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப்பணியாளர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறது. பாப்பா படித்த படிப்புக்கு நேராக வருகிற வேலை இது. ஃபுல்பிரைட்டுக்கு வேண்டிய 3 ஆண்டையும் இதில் சம்பாதித்துக்கொள்ளலாம்.

என் மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தில் 2022-ல் 30 இளைஞர்களை எடுத்து அரசுத் துறைகளோடு சேர்த்து வேலை பழக விட்டார்கள் அல்லவா? அதே மாதிரி கல்லூரிகளுக்கும் ஒன்று வேண்டும். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின்கீழ் நெல்லை, தென்காசி, தூத்துக்குடி, குமரி என்று நாலு மாவட்டக் கல்லூரிகள் இருக்கின்றன. பாளையங்கோட்டையிலேயே நடக்கிற தூரத்தில் எத்தனை கல்லூரிகள்! ஒரு கல்லூரிக்கு ஒரு ஃபெலோ என்றால் சம்பளம் கட்டுப்படியாகாது. நாலைந்து கல்லூரிகள் சேர்ந்து இரண்டு பேரை எடுத்து, ஒரு பருவம் உதவித்தொகை, ஒரு பருவம் விடுதி, ஒரு பருவம் வேலைவாய்ப்பு என்று சுற்றவிட்டால் நிச்சயம் முடியும். எங்கள் கல்லூரி முதல்வரிடம் பேசியிருக்கிறேன். "எழுதிக் கொடுங்கள், பார்ப்போம்" என்றார். பக்கத்துக் கல்லூரிகளில் நம்மோடு படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் பேச்சுக் கொடுத்துவருகிறேன். எழுதிக் கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பாப்பாவின் கை எனக்கு வேண்டும். அவளுடைய களப்பணி அறிக்கையையும், நோக்க அறிக்கையின் முதல் வரைவையும் அனுப்பச் சொல், திருத்தித் தருகிறேன். ஏன் இந்தத் துறை என்பதற்குப் பெரிய பெரிய வார்த்தை வேண்டாம், அவள் பார்த்த ஒரு பிள்ளையைப் பற்றி எழுதட்டும். விண்ணப்பம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் இங்கே வந்து எங்கள் மாணவர் நலப் பிரிவில் உட்காரட்டும். சம்பளம் பெரிசாக இருக்காது, அனுபவச் சான்றிதழ் முறையாகக் கொடுப்போம். வீட்டில் மாடி அறை காலியாகத்தான் கிடக்கிறது, அவள் அத்தைக்கும் துணையாச்சு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன், அவளையே போன் பண்ணச் சொல். நீ கேட்டு எனக்குச் சொல்வதைவிட, அவளே அவள் சந்தேகங்களை மாமாவிடம் கேட்பது நல்லது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்,
பாளையங்கோட்டை