கருத்தை மறுக்கலாம், ஆளைச் சாட வேண்டாம்

அன்பான உறுப்பினர்களுக்கு வணக்கம்.

நேற்றிரவு ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு முதலில் வந்த பதில், "இதுகூடத் தெரியாதா?" அதற்குக் கீழே சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. சற்று நேரத்தில் அவர் தன் கேள்வியையே அழித்துவிட்டார். நல்ல கேள்வி அது. விடை தெரிந்தவர்களும் இங்கே இருக்கிறார்கள். மீண்டும் கேட்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த முறை தயவுசெய்து பதில் சொல்லுங்கள்.

எந்தக் கருத்தையும் எவ்வளவு கடுமையாகவும் மறுக்கலாம். "நீங்கள் சொல்வது இந்த இடத்தில் ஒத்துவரவில்லை" என்றால் பேச்சு வளரும். "உங்களைப் போன்றவர்கள் எப்போதும் இப்படித்தான்" என்றால் அங்கேயே முறிந்துவிடும். இந்த இரண்டாவது வகைப் பதிவுகளை இனி நீக்கிவிடுவேன், எழுதியவர் யாராக இருந்தாலும்.

கோபம் தலைக்கேறியிருக்கும்போது பதில் அனுப்பாதீர்கள். இணைய நாகரிகம் பற்றி 1995-இல் வெளியான ஆர்எஃப்சி 1855 என்ற வழிகாட்டியே, உணர்ச்சிவசப்பட்டு எழுதிய பதிலை ஓர் இரவு கழித்து அனுப்பச் சொல்கிறது. மின்னஞ்சல் காலத்து அறிவுரைதான். கைப்பேசியிலேயே வாழும் நமக்கு அது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறியோடு வரும் செய்தி பல கைகள் மாறி வந்தது. 2020 முதல் அத்தகைய செய்தியை ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும். அந்த ஓர் இடமாக நம் குழுவைத் தேர்ந்தெடுக்குமுன் மூலத்தைத் தேடிப் பாருங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நான் நீக்கியது தவறென்று தோன்றினால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.

– குழு நிர்வாகி