புகார் கடிதம்: காட்டுவதாகச் சொல்லிக் காட்டாமல் விட்ட இரண்டு மலை நகரங்கள்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 12.10.2024 அன்று இத்தாலியில் நடத்திய ஒரு நாள் மலைநகரப் பயணத்தில் அட்டவணைப்படி இடங்களைக் காட்டாதது குறித்தும், கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் வழியாக இத்தாலி சென்றிருந்த நானும் என் மனைவியும், ரோமிலிருந்து ஓர்வியேத்தோவுக்கும் சிவிதா தி பன்யோரேஜோவுக்கும் சென்று திரும்பும் ஒரு நாள் பயணத்துக்கென ஆளுக்கு 160 யூரோ தனியாகச் செலுத்தியிருந்தோம். தாங்கள் எழுத்தில் கொடுத்த அட்டவணையில் ஓர்வியேத்தோவுக்கு மூன்றரை மணி நேரமும் சிவிதாவுக்கு இரண்டு மணி நேரமும் ஒதுக்கப்பட்டிருந்தன. எங்களுக்குக் கிடைத்ததோ ஓர்வியேத்தோவில் ஒன்றேகால் மணி நேரம். சிவிதாவுக்குள் நாங்கள் கால் வைக்கவே இல்லை.

காலை 8 மணிக்குப் புறப்பட்ட பேருந்து, ஓர்வியேத்தோ மலையின் அடிவாரத்தில், அட்டவணையில் இல்லாத ஒரு கடையின் முன்னால் ஒன்பதரைக்கு நின்றது. ஒயினும் தோல் பொருட்களும் விற்கும் அந்தக் கடையில் பதினொன்றரை மணி வரை எங்களை இருக்க வைத்தார்கள். எரிமலைச் சாம்பல் இறுகி உண்டான பாறையின் மேல், ரோமானியருக்கு முன்பே இத்தாலியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் அமைத்த நகரம் தலைக்கு மேலே தெரிந்துகொண்டிருக்க, கீழே நாங்கள் கைப்பைகளின் விலையைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மேலே சென்றபோது மணி 12. பேராலயத்தின் முகப்பை மட்டும் வெளியில் நின்று பார்த்தோம். 1290இல் தொடங்கிய அந்த ஆலயத்தின் முகப்பில், உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரை செதுக்கப்பட்டிருக்கும் புடைப்புச் சிற்பங்களை நிதானமாகப் பார்க்கவே அரை மணி நேரம் வேண்டும். உள்ளே செல்ல நுழைவுச்சீட்டு வாங்கவில்லை என்று வழிகாட்டி அங்கே வைத்துத்தான் சொன்னார். உள்ளே இருக்கும் சான் பிரீசியோ சிற்றாலயத்தில் லூக்கா சின்யோரெல்லி 1499 முதல் 1504 வரை வரைந்த சுவரோவியங்கள் உள்ளன. வத்திக்கானின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் மைக்கேலாஞ்சலோ இறுதித் தீர்ப்பை வரையத் தொடங்குவதற்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் முந்தியவை அவை. பள்ளியில் நீண்ட காலம் வரலாறு கற்பித்த நான், இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுத்ததே அந்த ஓவியங்களுக்காகத்தான். நான் நின்ற இடத்துக்கும் அவற்றுக்கும் இடையே ஒரு கதவுதான் இருந்தது.

சான் பத்ரீசியோ கிணற்றுக்கும் இதே கதிதான். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது ஓர்வியேத்தோவில் அடைக்கலம் புகுந்த திருத்தந்தை ஏழாம் கிளமெண்ட், முற்றுகை வந்தால் நகருக்குத் தண்ணீர் கிடைக்க வேண்டும் என்று தோண்டச் செய்த கிணறு அது. ஏறக்குறைய 53 மீட்டர் ஆழம். இறங்கும் கோவேறு கழுதைகளும் ஏறும் கழுதைகளும் ஒன்றையொன்று சந்திக்காதபடி, 248 படிகள் வீதம் இரண்டு சுருள் வழிகள். தங்கள் விளம்பரத் தாளின் முகப்பில் இந்தக் கிணற்றின் படத்தைத்தான் அச்சிட்டிருக்கிறீர்கள். நேரமில்லை என்று சொல்லி, அதன் வாசலைக்கூடக் காட்டாமல் எங்களைப் பேருந்தில் ஏற்றினார்கள்.

மதிய உணவில் எனக்குக் குறையில்லை. ஓட்டுநரும் மிகப் பொறுமையானவர்; அவர் மேல் எந்தப் புகாரும் கிடையாது.

என் மனைவியை அழ வைத்தது சிவிதாதான். சுற்றிலும் களிமண் சரிந்துகொண்டே இருக்கும் ஒரு குன்றின் உச்சியில் தனித்து நிற்கும் அந்த ஊருக்கு, நடந்து மட்டுமே கடக்கக்கூடிய நீண்ட பாலம் ஒன்றுதான் வழி. முழங்கால் வலி உள்ள அவர், அந்தப் பாலத்தின் ஏற்றத்தை எண்ணியே இரண்டு மாதங்கள் விடியற்காலையில் எழுந்து மாடிப்படி ஏறிப் பழகினார். பேருந்து எதிர்மேட்டில் மாலை மூன்றே முக்காலுக்கு நின்றது. வழிகாட்டி, "இங்கிருந்து பார்த்தாலே முழு ஊரும் தெரியும்" என்று சொல்லி, படம் எடுக்க அரை மணி நேரம் கொடுத்தார். தூரத்திலிருந்து தெரிவது ஊரின் வடிவம் மட்டுமே. பாறையைக் குடைந்த நுழைவு வழியும், வாயிலின் மேல் மனிதத் தலைகளைப் பற்றியிருக்கும் சிங்கச் சிற்பங்களும், சான் தொனாத்தோ தேவாலயத்தின் முன்னுள்ள சதுக்கமும் உள்ளே சென்றவர்களுக்குத்தான் கிடைக்கும். சிவிதாவின் நுழைவுக் கட்டணமும் எங்களிடம் வாங்கிய தொகையில் அடங்கும் என்பதைத் தங்கள் ரசீதே சொல்கிறது.

நேரில் கேட்டபோதும் பின்னர் மின்னஞ்சலில் கேட்டபோதும், போக்குவரத்து நெரிசலே காரணம் என்று பதில் தந்தீர்கள். இதை என்னால் ஏற்க முடியவில்லை. இரவு 8 மணிக்கு ரோம் திரும்ப வேண்டிய பேருந்து மாலை 6.20க்கே எங்களை விடுதி வாசலில் இறக்கிவிட்டது. மீதமிருந்த அந்த ஒரு மணி நாற்பது நிமிடங்களில் என் மனைவி பாலத்தை மெல்ல நடந்து கடந்து, ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருப்பார். கடையில் கழிந்த இரண்டு மணி நேரத்தையும் சேர்த்தால் எதையுமே விட்டிருக்க வேண்டியதில்லை.

ஆகவே, இருவருக்கும் செலுத்திய 320 யூரோவில் பேருந்துக்கும் உணவுக்குமான நியாயமான பங்கைக் கழித்துக்கொண்டு, மீதியைக் கணக்கு விவரத்துடன் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கடையில் நிறுத்தும் வழக்கம் தொடருமானால், அதை நேரத்துடன் அட்டவணையில் அச்சிடுங்கள். அடுத்து வருபவர்கள் தெரிந்தே பணம் கட்டட்டும். இக்கடிதம் கிடைத்த 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டால், அட்டவணை, ரசீது, நேரம் பதிவான ஒளிப்படங்கள் ஆகியவற்றுடன் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவேன். அவற்றின் நகல்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் பயணி